அண்ணன் காட்டுக்குள் போகாத இரவு

நடந்தது, வரிசைப்படி:

1. சித்திரையில், அரிமளத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள்.

2. மூன்றாம் நாள் காலை அந்த ஊர்க் கொத்தனார் ஒருவர் காப்பி குடித்துவிட்டு வீட்டைவிட்டு வெளியே போனார். ஐம்பத்து நான்கு வயது. ஒரு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து பிழைத்தவர். நடப்பார், ஆனால் வழி மறந்துவிடும், பேச்சு திக்கும்.

3. நேரமாகியும் திரும்பவில்லை. ஊருக்கு வடக்கே இருக்கும் தைலமரக் காட்டுக்குள் போயிருப்பார் என்று முடிவானது.

4. மத்தியானம் என் அண்ணனை அழைத்தார்கள். காட்டில் தனியாகப் பிழைத்திருப்பது எப்படி என்று வீடியோவில் கற்றுக்கொடுக்கிறவன் அவன். இந்தப் பக்கத்தில் அவனைத் தெரியாத வீடு குறைவு.

5. அண்ணன் மேற்கே தேடச் சொன்னான். நாற்பது பேர் மேற்கே போனார்கள்.

6. காப்புக் கட்டிய ஊர்க்காரர்கள் இரவில் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. பொழுது சாய்ந்ததும் திரும்பிவிட்டார்கள்.

7. காப்பு இல்லாத பக்கத்து ஊரிலிருந்து பத்து இளைஞர்கள் விளக்குகளோடு வந்தார்கள். அண்ணன் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தான் தனியாகப் போவதாகச் சொன்னான்.

8. போகவில்லை.

9. அது எனக்கு மறுநாள் காலையே தெரியும். நான் வெளியே சொன்னது அவர் காணாமல் போன பத்தொன்பதாம் நாள்.

எண் போட்டு எழுதுவது வேலையில் வந்த பழக்கம். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே ஒரு நில அளவை நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். ட்ரோன் எடுத்துவரும் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி வரைபடமாக்கி, வரப்பு, கிணறு, மரம், மின்கம்பம் எல்லாவற்றையும் குறித்துக் கொடுக்க வேண்டும். மீதி நேரத்தில் அண்ணனின் வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவேன்.

அண்ணன் ஆறு வருடம் வளைகுடாவில் இருந்தான். ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். ஏசி போட்ட குடோன். பாலைவனத்தை அவன் பார்த்தது கம்பெனி பஸ்ஸின் கண்ணாடி வழியாகத்தான். ஒருமுறை பஸ் நடுவழியில் பழுதாகி நான்கு மணி நேரம் நின்றிருக்கிறது. எல்லாருக்கும் தண்ணீர் பாட்டிலும் குப்பூஸ் ரொட்டியும் கொடுத்தார்களாம். ஊருக்கு வந்த புதிதில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னான். முதல் வீடியோவில் அது ‘பாலைவனத்தில் ஒரு பகல்’ ஆனது. ஆறாவது வீடியோவில் மூன்று நாள். நாள் கணக்கை மாற்றியது அவன். அதைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டது நான்.

காடு என்று நாங்கள் காட்டியதெல்லாம் அந்தத் தைலமரக் காட்டின் மேற்கு ஓரத்தைத்தான். அங்கே தார்ச்சாலை ஒட்டிப் போகிறது. காரை நிறுத்தத் தோதாக ஒரு சின்னப் பாலம், பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை. தைலமரம் நேர் வரிசையில் நடப்படுவது; தானாக வளர்ந்த காட்டில் மரங்கள் வரிசையில் நிற்காது. அதனால் கேமராவைக் கோணலாக வைத்து, வரிசை கண்ணில் படாதபடி எடுப்போம். லாரி சத்தத்தை எடுத்துவிட்டுப் பூச்சி சத்தத்தைச் சேர்ப்பேன். ‘காட்டில் ஏழு நாள்’ என்ற தொடரை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தோம். ஒரே சட்டையில் ஏழு அளவு அழுக்கு ஏற்றினோம். மணலில் ஊற்றுத் தோண்டுகிற காட்சிக்கு ஒரு வாட்டர் கேன் காலியானது. காட்டுக் கிழங்கு தோண்டுகிற காட்சிக்கு, சந்தையில் வாங்கிய ஒரு கட்டுப் பனங்கிழங்கை மண்ணில் புதைத்து வைத்தோம். அண்ணன் பிடுங்கியபோது கட்டியிருந்த ரப்பர் பேண்டும் சேர்ந்து வந்தது. நான் கவனிக்கவில்லை. ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “அண்ணே, எங்க ஊரு பனங்கெழங்குல ரப்பர் பேண்டு வெளையிறதில்ல. வெதை இருந்தா அனுப்பி வைங்க.” அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அந்த இடத்தை வெட்டி மறுபடி போடச் சொன்னான். போட்டேன்.

யாருக்கும் இதனால் கெடுதல் இல்லை என்று நினைத்தோம். தைலமரக் காட்டில் போய் யார் ஏழு நாள் இருக்கப் போகிறார்கள்? பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். சனி ஞாயிறுகளில் பயிற்சி முகாம் நடத்தினான். பொன்னமராவதியில் ஒரு நல்ல இடத்தில் பெண் பேசி முடிவானது. பெண் வீட்டார் முதலில் பேசியதே வீடியோவைப் பற்றித்தான்.

அன்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் பேசினார். அண்ணன் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். போனை மறு கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“காணாமப் போன ஆளத் தேடணுமாம். என்னத்தச் சொல்றது?”

“ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லு” என்றேன்.

“ஊரே கூப்புடுது. தெரியாதுன்னா சொல்லுவாங்க?” என்றார் அம்மா.

“போயி ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்துர்றேன். அதுக்குள்ள அந்தாளே வீடு வந்து சேந்துருவாரு” என்றான் அண்ணன். அவன் அதை நம்பினான். நானும் நம்பினேன். பக்கவாதம் வந்த மனிதர் எவ்வளவு தூரம்தான் போய்விட முடியும்?

கேமராப் பையோடு என் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன். காரில் போகும்போதே காட்டின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, நூறு மீட்டர் சதுரங்களாகக் கட்டம் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள் வந்தன. தரை கிழக்கே ஓர் ஓடையை நோக்கிச் சரிகிறது. ஒரு கால் இழுத்து நடக்கிற மனிதர் மேட்டில் ஏற மாட்டார், கால் போகிற பக்கம் இறங்குவார். கிழக்குப் பக்கத்து அறுபது கட்டங்களுக்கு முதலில் நிறம் கொடுத்தேன். நாற்பது பேர் வரிசையாக நடந்தால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம்.

கோயில் பந்தலில் கூட்டம் நின்றது. ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தார்கள். கொத்தனாரின் மனைவி பந்தல் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணன் காரிலிருந்து இறங்கியதும் எல்லாரும் வழிவிட்டார்கள். பின்னாலிருந்து ஓர் இளவட்டம் குரல் கொடுத்தான்.

“அண்ணே, இன்னைக்கு ரப்பர் பேண்டு கெழங்கு கொண்டாரலையா?”

“சும்மா கெடடா. மனுசனக் காணோம், இவனுக்கு நக்கலு” என்று ஒருவர் அவன் முதுகில் தட்டினார்.

அண்ணன் சிரித்துச் சமாளித்தான். எனக்கு முகம் சூடேறியது. அந்தக் கேலியை யாராவது இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் அண்ணனின் குட்டு அங்கேயே உடைந்திருக்கும் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். யாரும் நீட்டவில்லை.

கூட்டம் காட்டு ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் முன்னால் வந்தார். “நான் பாத்தேன் சார். தோள்ல வெள்ளைத் துண்டு. கெழக்கால ஓடைப் பக்கம் எறங்கிப் போனாரு. கூப்புட்டேன், திரும்பிப் பாக்கல.”

அண்ணன் குனிந்து தரையைப் பார்த்தான். ஒடிந்து கிடந்த ஒரு சிறு கிளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வீடியோவில் எத்தனையோ முறை செய்ததுதான். முழங்கால் மடங்குகிற விதம்கூட எனக்கு மனப்பாடம்.

“மொதல்ல கெழக்க போயிருக்காரு. அப்புறம் மேக்க திரும்பிட்டாரு. இந்தா, ஒடிஞ்ச பக்கம் மேக்கப் பாத்து இருக்கு” என்றான்.

“அது எங்க ஆடு கடிச்சது சார்” என்றார் அந்தப் பெண்.

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் அவரை அதட்டினார். “ஏத்தா, அவரு இதுக்குன்னே படிச்சவரு. நீ அங்கிட்டுப் போயி நில்லு.”

நான் அண்ணனை ஒதுக்குப்புறமாக இழுத்துப்போய் லேப்டாப்பைக் காட்டினேன். “கெழக்கதாண்ணே. சரிவு அங்கிட்டுத்தான் இருக்கு. இந்தப் படத்தப் பாரு.”

“ஒனக்குப் படந்தான் தெரியும்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். “கெழக்க நான் போனதே இல்லடி. என்ன இருக்குன்னே தெரியாம நாப்பது பேர எப்படிக் கூட்டிப் போறது? மேக்கன்னா ஏதோ தெரியும்.”

அவன் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான். அது எனக்கு மட்டும்தான் கேட்டது. நாற்பது பேரும் மேற்கே போனார்கள். நாங்கள் படம் எடுக்கிற இடத்தில், நாங்களே தோண்டி மூடாமல் விட்ட குழிகளைச் சுற்றி, கொத்தனாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள்.

நான் ஏன் பேசவில்லை என்பதற்குக் காரணங்களை எழுதிப் பார்த்திருக்கிறேன். அவன் என் அண்ணன். கல்யாணம் நெருங்கியிருந்தது; கிளம்பும்போதே அம்மா என் கையைப் பிடித்து, “அங்கிட்டுப் போயி வாய வச்சுக்கிட்டு சும்மா இரு ஆத்தா. பொன்னமராவதிக்காரவங்க காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்” என்று சொல்லியிருந்தார். அந்த வீடியோக்களில் என் கையும் இருந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது வேறு. எப்படியும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், நாம் எதற்கு அவமானப்பட வேண்டும் என்பதுதான் ஓடியது.

பந்தலுக்குத் திரும்பியபோது கொத்தனாரின் மனைவி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“ஆத்தா, காலையில சட்டைகூடப் போடல. பனியனும் துண்டுந்தான். மாத்தரையும் போடல” என்றார். “ஒங்க அண்ணன் பாத்துருவாருல்ல?”

“பாத்துருவான்மா” என்றேன்.

பொழுது இறங்கியது. எல்லாரும் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். காப்புக் கட்டிவிட்டால் வேலைக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊருக்குள் வந்துவிட வேண்டும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூட அதற்குப் பயந்தே காப்புக்கு முந்தியே வந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் காப்புக் கட்டினாலும் இதுதான். இதை யாரும் மூடத்தனம் என்று நினைப்பதில்லை. மீறிப் பார்க்கத் துணிவதுமில்லை. தான் மட்டுமாவது போவதாகக் கொத்தனாரின் மனைவி எழுந்தார். நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“நீ எல்லை தாண்டி ராத்தங்குனா அது அவருக்குத்தான் ஆகாது. புரிஞ்சுக்க” என்று ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்.

அப்போதுதான் பக்கத்து ஊரிலிருந்து ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. பத்துப் பேர். தலையில் கட்டுகிற விளக்கு, கம்பு, தண்ணீர்க் கேன் எல்லாம் வைத்திருந்தார்கள்.

“எங்களுக்குக் காப்பு இல்லைங்க. நாங்க விடியுற வரைக்கும் பாக்குறோம். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க” என்றான் அதில் ஒருவன்.

அண்ணன் அவர்களைப் பார்த்தான். அவர்கள் கூட வந்தால் அவன் காட்டுக்குள் போக வேண்டும். போனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும். அப்போது நான் இப்படி யோசிக்கவில்லை, இப்போது யோசிக்கிறேன்.

“கூட்டமாப் போனா தடம் அழிஞ்சிரும் தம்பி. ஒருத்தன் போறதுதான் மொற. நான் போறேன்” என்றான்.

“தனியாவா?”

“ஏழு நாளே இருந்துருக்கேன். ஒரு ராத்திரிதானே.”

காவல் நிலையத்திலிருந்து வந்திருந்த தலைமைக் காவலர் பகல் முழுக்க வெயிலில் நின்று களைத்திருந்தார். “சரி, சாருக்குத்தான் இது தெரியும்” என்றார். பையன்கள் தயங்கித் தயங்கி வண்டியில் ஏறினார்கள். யாரோ அண்ணனுக்குக் கற்பூரம் காட்டித் திருநீறு பூசினார்கள். என்னைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிடும்போது கேட்டேன்.

“நெசமாவே போறியாண்ணே?”

“போறேன்டி” என்றான். அப்போது போவதாகத்தான் இருந்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த இரவை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது கோப்பில் உள்ளது மட்டுமே. அண்ணன் தலையில் கட்டுகிற சின்னக் கேமராவில் ஜிபிஎஸ் உண்டு. படத்தோடு இடமும் நேரமும் சேர்ந்து பதியும். அதை நிறுத்திவைக்கச் சொல்லி ஒருமுறை கேட்டிருந்தான். நான் மறந்திருந்தேன்.

காலை ஏழு மணிக்கு வந்தான். உடம்பெல்லாம் புழுதி. மெமரி கார்டை மேசைமேல் வைத்தான். “ஆளு கெடைக்கல. பத்து மணிக்குள்ள போட்டுவிட்டுரு, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

மூன்று துண்டுகள் இருந்தன. முதலாவது ஏழே கால் மணி: “ரெண்டு கிலோமீட்டர் உள்ள வந்துட்டேன்” என்று கிசுகிசுக்கிறான். இரண்டாவது பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால்: ஏதோ சத்தம் கேட்பதாகச் சொல்கிறான். மூன்றாவது ஐந்தரை மணி: மண்ணில் உட்கார்ந்து, முடியவில்லை என்கிறான், கண் கலங்குகிறது. நான் வேலையைத் தொடங்கினேன். இரண்டாவது துண்டில் ஒரு இரைச்சல் இருந்தது. ஒரே சீரான இரைச்சல். அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். எடுத்தேன். மூன்று துண்டுகளையும் சேர்த்து, மேலே தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டேன். ஏறி முடிந்து பச்சைக் குறி வந்த பிறகுதான் அது எங்கள் காரின் ஏசி சத்தம் என்று உறைத்தது.

கோப்புகளைத் திறந்து இடத்தைப் பார்த்தேன். மூன்றும் ஒரே இடம். சின்னப் பாலம், டீக்கடைக்கு எதிர்ப்புறம். ஐந்தரை மணித் துண்டு மட்டும் பாலத்திலிருந்து பதினான்கு மீட்டர் தள்ளி. புழுதிக்காக இறங்கியிருக்கிறான்.

அவனை எழுப்பிக் கேட்டேன். மறுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னான்: “ரெண்டு தடவ எறங்குனேன். பத்து மரம் தாண்டல, திரும்பிப் பாத்தா எல்லாப் பக்கமும் ஒரே மாரி இருந்துச்சு. பயமா இருந்துச்சு. போதுமா?”

“அந்தப் பத்துப் பேரையாச்சும் விட்டிருக்கலாமே.”

“நான் போயிருந்தா மட்டும் கண்டுபுடிச்சிருப்பேனா? எனக்கு என்ன தெரியும்னு ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். வீடியோவை எடுத்துவிடலாம் என்றேன். அதற்குள் ஊர் முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

அடுத்த நான்கு நாளும் காவல்துறையும் ஊர்க்காரர்களும் பகலில் தேடினார்கள். அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டதாகச் சொன்ன இடங்களை விட்டுவிட்டுத் தேடினார்கள். கிழக்கையும் சுற்றிப் பார்த்ததாக அவன் சொல்லியிருந்தான். ஐந்தாம் நாள் ஆடு மேய்க்கிற அதே பெண்தான் ஓடைக்கு இந்தப் பக்கம், மழைத் தண்ணீர் தேங்க வெட்டிய ஒரு நீளக் குழியின் ஓரத்தில், துண்டையும் ஒரு செருப்பையும் பார்த்தார். துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார் என்றார்கள். போலீஸ் மோப்ப நாயைக் கொண்டுவந்தார்கள். அது ஓடைவரை போய் நின்றுவிட்டது. ஓடையில் மணல்தான் இருந்தது, தண்ணீர் இல்லை. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

என் படத்தில் அது நூற்று எழுபத்தொன்றாம் கட்டம். முதல் நாள் நான் நிறம் கொடுத்த அறுபதில் ஒன்று. கிழக்கே போகிற வழி தெரிந்தவர்களுக்கு ஊர் எல்லையிலிருந்து முக்கால் மணி நேர நடை. அந்த இரவு அவர் அங்கே உயிரோடு இருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. இருந்திருக்கலாம். பத்து விளக்குகள் அந்தப் பக்கம் போயிருந்தால் அவர் எழுந்து உட்கார்ந்திருக்கலாம். பையன்கள் மேற்கே போயிருக்கவும் கூடும். நான் இதை எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் விடை வருவதில்லை.

காப்புக் கட்டிய திருவிழாவை நிறுத்த முடியாது. பொங்கல் வைத்தார்கள், மேளம் இல்லாமல் அம்மனைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காப்பு அவிழ்த்த அன்று அண்ணனைக் கூப்பிட்டுப் பந்தலில் பொன்னாடை போர்த்தினார்கள். யாரும் போகாத இரவில் தன் புருஷனைத் தேடிப் போனவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று கொத்தனாரின் மனைவிதான் கேட்டுக்கொண்டாராம். அண்ணன் அந்தப் பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்குள் வைத்தான். அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் வேண்டாம் என்று மறுக்கவும் இல்லை.

மறுநாள், பத்தொன்பதாம் நாள், நான் அந்த மூன்று கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். அதே தலைமைக் காவலர் இருந்தார். உட்காரச் சொன்னார். வரைபடத்தில் பாலத்தைக் காட்டினேன். கவனமாகத்தான் பார்த்தார்.

“சரிம்மா. உள்ள போகல. காருக்குள்ளயே உக்காந்திருந்தாரு. இதுக்கு என்ன கேசு போடச் சொல்றீங்க?”

“பத்துப் பேரத் திருப்பி அனுப்பினான் சார். கெழக்க பாத்துட்டேன்னு பொய் சொன்னான்.”

“திருப்பி அனுப்பும்போது நானும்தான் நின்னேன்” என்றார். ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடுங்க, வாங்கி வைக்கிறேன். கெழக்க இன்னொரு தடவ ஆள் விடச் சொல்றேன். ஆனா பத்தொம்பது நாளாச்சு. ஒங்களுக்கே தெரியும்.”

எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து நேராக அந்த ஊருக்குப் போனேன். கொத்தனாரின் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு, உண்மை தெரிந்தால் கிழக்கே மறுபடி தேடச் சொல்லி அவர் கேட்கலாம், அவருடைய நன்றி தவறான இடத்துக்குப் போகிறது. இப்படி மூன்று காரணம் வைத்திருந்தேன். மூன்றும் இப்போதும் சரியென்றே தோன்றுகிறது.

அவர் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க ஆத்தா. தம்பி நல்லா இருக்காரா? அன்னைக்குப் பொன்னாட போத்தும்போது மொகமே சரியில்ல. என்னால கண்டுபுடிக்க முடியலையேன்னு மனசுல வச்சிருக்காரு போல. அப்புடி நெனைக்க வேணாம்னு சொல்லுங்க.”

நான் சொன்னேன். பாலம், கார், நேரம், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து காட்டவும் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். முறத்தில் இருந்த உளுந்தை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

“ஆக, யாரும் போகல” என்றார்.

“இல்லம்மா.”

“அந்த ராத்திரி அவரு தனியாக் கெடந்துருக்காரு.”

நான் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தேன்.

“பேரச் சொல்லிக் கூப்புடுற சத்தமாச்சும் எங்கியோ கேட்டுருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நம்மளத் தேடுறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு. அத வச்சுத்தான் தூங்கி எந்திரிக்கிறேன்.” கோபமாகச் சொல்லவில்லை. விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். “இத எதுக்கு ஆத்தா எங்கிட்ட வந்து சொன்ன?”

என் மூன்று காரணங்களில் ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடவில்லை. சாத்தியதோடு சரி. நான் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

கிழக்கே மறுபடி இரண்டு நாள் தேடினார்கள். பிறகு நான் தனியாக ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். கட்டம் கட்டமாக நடந்து, பார்த்தவற்றுக்குக் குறி போட்டேன். இரண்டாவது ஞாயிறு ஆடு மேய்க்கிற பெண் என்னோடு பாதி தூரம் வந்தார். “நீ தேடுறது அவரையில்ல” என்றார். அதற்குப் பிறகும் போனேன். ஆவணிவரை போனேன்.

இப்போதைய நிலை இது. அண்ணனின் கல்யாணம் நடந்துவிட்டது. பெண் வீட்டாருக்கு விஷயம் தெரியும். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேனல் நடக்கிறது, வேறு ஒருவர் வெட்டி ஒட்டித் தருகிறார். அந்த இரவின் வீடியோ இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி நான்கு முறை கேட்டேன். எடுத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்கிறான். காவல் நிலையத்தில் கொத்தனார் ‘காணவில்லை’ என்ற கணக்கில்தான் இருக்கிறார். அவர் மனைவி பொட்டு வைத்துக்கொள்கிறார் என்றும், சொந்தக்காரர்கள் அதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. காட்டின் கிழக்குப் பகுதியில் மரங்கள் முற்றிவிட்டதால் ஐப்பசிக்கு முன் மொத்தமாக வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். சாலையிலிருந்து பார்த்தால் ஓடைவரை வெறும் தரையாகத் தெரிகிறது. அதிலும் அவரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை.